ஜூன் 15-ல் பிறந்தவருக்கு ஜூன் 14 என்று காட்டும் ஆப்... தேதி மாறுவது எங்கே? எளிய விளக்கம்

ஒரு மாணவி ஆன்லைன் விண்ணப்பத்தில் தன் பிறந்த தேதியை 15.06.2004 என்று கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் 'சப்மிட்' பட்டனை அழுத்துகிறார். ஆனால் டவுன்லோடு ஆகி வரும் பிடிஎஃப்-ல் இருப்பது 14.06.2004. 'நாமதான் தப்பா போட்டுட்டோமோ' என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவர் தப்பாகப் போடவில்லை. அவர் போனில் இருந்து கிளம்பும்போது அது ஜூன் 15. சர்வருக்குப் போய்ச் சேரும்போது ஜூன் 14. வழியில் ஒரு நாள் காணாமல் போயிருக்கிறது!

உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் மறுபடி மறுபடி தடுக்கி விழும் பழைய பள்ளம் இது. பாதிப்பு மட்டும் டெவலப்பருக்கு இல்லை, நமக்குத்தான். ஆதாரில் ஒரு தேதி, பான் கார்டில் இன்னொரு தேதி என்று இருந்தால் பிஎஃப் பணம் எடுப்பதில் இருந்து பாஸ்போர்ட் வரை எல்லாமே இழுபறிதான். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது.

சரி, அந்த ஒரு நாள் எங்கே போகிறது?

தேதி எப்படிப் பயணம் செய்கிறது?

நாம் ஃபார்மில் நிரப்பும் விவரங்கள் போனில் இருந்து சர்வருக்கு அப்படியே போவதில்லை. போனுக்குள் இருக்கும் தகவலை, வேறொரு கம்ப்யூட்டரும் படிக்கக்கூடிய எழுத்து வரிசையாக மாற்றி அனுப்ப வேண்டும். இதற்கு 'சீரியலைசேஷன்' என்று பெயர். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி, பாகம் பாகமாகக் கட்டி லாரியில் ஏற்றி, புது வீட்டில் மறுபடி பூட்டுகிறோம் இல்லையா? அதே மாதிரிதான். எந்தத் துண்டு எங்கே சேரும் என்று குறித்து வைக்காவிட்டால் புது வீட்டில் கட்டில் ஆடும்.

இப்படி அனுப்புவதற்கு இன்று அதிகம் பயன்படும் வடிவம் 'ஜேசான்'. பேங்க் ஆப், டிக்கெட் ஆப், உணவு டெலிவரி ஆப் என எங்கே பார்த்தாலும் இதுதான் ஓடுகிறது. ஜேசானில் எழுத்துகளை அனுப்பலாம். எண்களை அனுப்பலாம். ஆம், இல்லை, காலி என்று சொல்லலாம். இவற்றைப் பட்டியலாகவும் தொகுப்பாகவும் அடுக்கலாம். அவ்வளவுதான். 'இது ஒரு தேதி' என்று சொல்ல அதில் தனி வழியே கிடையாது.

அதனால் தேதியை எழுத்தாகவோ எண்ணாகவோ மாற்றித்தான் அனுப்ப வேண்டும். எப்படி மாற்றுவது என்பதை அந்த ஆப்பை எழுதியவர் முடிவு செய்கிறார். அனுப்பும் பக்கம் ஒரு மாதிரி நினைத்து, வாங்கும் பக்கம் இன்னொரு மாதிரி நினைத்தால் கதை முடிந்தது.

அந்த ஒரு நாள் தொலைந்தது எப்படி?

மாணவியின் எடுத்துக்காட்டையே படிப்படியாகப் பார்ப்போம்.

• காலண்டரில் அவர் ஜூன் 15-ஐத் தொடுகிறார். நேரம் எதுவும் கொடுக்கவில்லை.

• ஆனால் ஆப் உள்ளுக்குள் வைத்திருப்பது வெறும் தேதி இல்லை, தேதியும் நேரமும் சேர்ந்த ஒன்று. எனவே 'ஜூன் 15, நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம்' என்று அதுவாகவே எடுத்துக்கொள்கிறது.

• அனுப்பும்போது அதை உலகப் பொது நேரமான 'யுடிசி'-க்கு மாற்றுகிறது. இந்திய நேரம் யுடிசி-யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நள்ளிரவு 12-ல் இருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் முந்தைய நாள் மாலை 6.30. ஆக, அனுப்பப்படுவது '2004 ஜூன் 14, 18:30 யுடிசி'.

• சர்வர் பக்கம் இருக்கும் ப்ரோக்ராம், 'பிறந்த தேதிக்கு நேரம் எதுக்கு?' என்று 18:30-ஐ வெட்டி எறிந்துவிட்டு தேதியை மட்டும் சேமிக்கிறது. மிஞ்சியது ஜூன் 14.

இதில் யார் மீது தப்பு? போன் செய்த கணக்கு சரி. இந்தியாவில் ஜூன் 15 பிறக்கும் அந்த நொடியில் லண்டன் கிரீன்விச் நேரப்படி இன்னும் ஜூன் 14-தான். சர்வர் நேரத்தை வெட்டியதும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்ததும் ஒருவரின் பிறந்த நாளே மாறிவிட்டது.

ஆரம்பத்திலேயே நடந்த தவறு ஒன்று உண்டு. பிறந்த தேதி என்பது ஒரு நொடி இல்லை, அது ஒரு காலண்டர் தேதி. சென்னையில் ஜூன் 15-ல் பிறந்தவர் அமெரிக்காவுக்குக் குடிபோனாலும் அவர் பிறந்த நாள் ஜூன் 15-தான். அதை டைம் ஜோனுக்குள் இழுத்ததே தேவையில்லாத வேலை.

'என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே வருது?'

ஐடி அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. தேதி விஷயத்தில் இந்த வசனம் ஒருவகையில் உண்மையும்கூட. ஒரே தவறு ஒரு நாட்டில் தெரியும், இன்னொரு நாட்டில் தெரியாது.

மேலே சொன்ன தவறு இந்தியாவில் உடனே மாட்டிக்கொள்ளும். அதையே லண்டனில் இருக்கும் ஒருவர் குளிர்காலத் தேதியை வைத்துச் சோதித்தால் ஒன்றுமே தெரியாது. அப்போது பிரிட்டன் நேரமும் யுடிசி-யும் ஒன்றுதான். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். எனவே கோடையில் பிறந்தவர்களின் தேதி மட்டும் ஒரு நாள் குறையும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் இருக்கிறது. இணையதளங்கள் அதிகம் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் '2004-06-15' என்று வெறும் தேதியைக் கொடுத்தால், அதை யுடிசி நள்ளிரவு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். விதியே அப்படித்தான். சென்னையில் அதைத் திறந்தால் ஜூன் 15, காலை 5.30. தேதி சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நியூயார்க்கில் திறந்தால் ஜூன் 14, இரவு 8 மணி.

அதாவது சென்னையில் உட்கார்ந்து எழுதி, சென்னையிலேயே சோதித்துப் பார்த்த ஆப், அமெரிக்காவில் இருக்கும் பயனாளருக்கு ஒரு நாள் குறைவாகக் காட்டும். எழுதியவருக்கு அது கடைசி வரை தெரியாமலேயே போகலாம்.

ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

பிரச்னை தெரிந்ததும் பலரும் முதலில் கையில் எடுக்கும் வைத்தியம் இதுதான். 'யுடிசி-யில் வருதா? 5.30-ஐக் கூட்டிடு, முடிஞ்சுது.' ஜூன் 14 மாலை 6.30-உடன் ஐந்தரை மணி நேரம் சேர்த்தால் ஜூன் 15 நள்ளிரவு. தேதி திரும்பி வந்துவிட்டது!

இன்றைய தேதிகளுக்கு இது வேலை செய்யும். ஆனால் இந்திய நேரம் எப்போதும் 5.30-ஆகவே இருந்ததில்லை. இந்த இடத்தில் கதை கொஞ்சம் பின்னோக்கிப் போகிறது.

இந்தியாவுக்கு ஒரே பொது நேரம் வந்தது 1906 ஜனவரி 1-ல்தான். அதற்கு முன்பு ரயில்வே பயன்படுத்தியது 'மெட்ராஸ் நேரம்'. சென்னை வான் ஆய்வகத்தை வைத்துக் கணக்கிடப்பட்ட அது, கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால் ஓடியது. அந்த 10 நொடி வரைக்குமான கணக்கு இன்றும் உங்கள் போனுக்குள் பத்திரமாக இருக்கிறது. உலகின் எல்லா ஊர்களிலும் நேரம் எப்போதெல்லாம் மாறியது என்று பதிவு செய்யும் 'டைம் ஜோன் டேட்டாபேஸ்' என்ற பொதுத் தொகுப்பு ஒன்று உண்டு. போன், லேப்டாப், சர்வர் எனப் பலவும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அதில் இந்தியாவுக்கான பதிவில் மெட்ராஸ் நேரமும் ஒரு வரி.

அதே பதிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை தொடர்ச்சியாக இந்திய நேரம் யுடிசி-யைவிட ஆறரை மணி நேரம் முன்னால் இருந்தது.

இப்போது 1944 ஜனவரி 10-ல் பிறந்த ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். அவர் பிறந்த தேதியை ஒரு ஆப் 'நள்ளிரவு 12' என்று எடுத்துக்கொண்டு, டேட்டாபேஸைப் பார்த்து ஆறரை மணி நேரத்தைக் கழிக்கிறது. ஜனவரி 9, மாலை 5.30 என்று அனுப்புகிறது. சர்வரோ கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிறது. வருவது ஜனவரி 9, இரவு 11 மணி. எண்பது வயதைத் தாண்டிய ஒருவரின் தேதி ஒரு நாள் குறைந்துவிட்டது. அதே சர்வர் அவருடைய மகனுக்கும் பேத்திக்கும் சரியாகவே காட்டும்.

இலங்கையில் பிறந்தவர்கள் கவனிக்க வேண்டியது

இதே விஷயம் இலங்கையில் பிறந்த இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமானது. இன்று இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான். அதனால் 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று இந்திய நேரத்தையே இலங்கைக்கும் போட்டுவிட ஒரு டெவலப்பருக்குத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டு காலம் அது ஒன்றாக இல்லை.

1996-ல் மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை முன்னால் நகர்த்தியது. அந்த ஆண்டு மே 25-ல் நேரம் யுடிசி-யைவிட ஆறரை மணி நேரம் முன்னால் போனது. அக்டோபரில் ஆறு மணி நேரமாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15-ல்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே தீவில் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம்.

டேட்டாபேஸில் இலங்கைக்கு இருப்பது கொழும்பு பெயரில் ஒரே ஒரு பதிவு. அதில் 2004-க்கான நேரம் ஆறு மணி. எனவே நம் மாணவி பிறந்த அதே 2004 ஜூன் 15-ல் இலங்கையில் பிறந்த ஒருவர், கொழும்பு நேரத்தில் இருக்கும் தன் போனில் தேதியைக் கொடுத்தால் போவது 'ஜூன் 14, மாலை 6.00 யுடிசி'. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் ஜூன் 14, இரவு 11.30. சென்னைப் பெண்ணுக்கு வேலை செய்த அதே வைத்தியம், இலங்கைப் பெண்ணின் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளிவிடுகிறது.

1996-க்கும் 2006-க்கும் இடையே பிறந்தவர்கள்தான் இப்போது கல்லூரி, வேலை, விசா என்று விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கும் வயதில் இருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

எல்லாவற்றையும் யுடிசி-யில் வைத்தால் என்ன?

பிறந்த தேதியை விடுங்கள். மற்ற நேரங்களையாவது யுடிசி-யில் சேமித்து வைத்தால் குழப்பமே வராதே என்று தோன்றலாம். நடந்து முடிந்தவற்றுக்கு அது மிகச் சரி. நீங்கள் ஜிபே-யில் பணம் அனுப்பிய நொடி, மெசேஜ் போன நொடி ஆகியவை இனிமேல் மாறப்போவதில்லை.

ஆனால் இனி நடக்கப்போவதற்கு? 2023 மார்ச்சில் லெபனானில் நடந்ததைப் பாருங்கள்.

லெபனானில் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பது வழக்கம். 2023-ல் அது மார்ச் 25 நள்ளிரவில் நடந்திருக்க வேண்டும். அப்போது ரமலான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. நேரத்தை மாற்றாவிட்டால் கடிகாரக் கணக்கில் நோன்பு திறக்கும் நேரம் ஒரு மணி நேரம் முன்னதாக வரும். மாற்றத்தை ஏப்ரல் 20 வரை தள்ளி வைப்பதாக, வெறும் இரண்டு நாட்களுக்கு முன்பு அறிவித்தது பிரதமர் நஜீப் மிகாதியின் அரசு.

மரோனைட் கிறிஸ்தவத் திருச்சபை இதை ஏற்க மறுத்தது. சில டிவி சேனல்களும் பழைய வழக்கப்படி கடிகாரத்தை முன்னால் வைத்தன. ஞாயிற்றுக்கிழமை காலை நாட்டில் இரண்டு நேரம்! பக்கத்து வீட்டில் மணி 9, நம் வீட்டில் மணி 8 என்ற நிலை. போன்கள் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் என்பதால், கையால் நேரத்தை அமைத்துக்கொள்ளச் சொல்லின மொபைல் நிறுவனங்கள். எதிர்ப்பு அதிகமாக, திங்கட்கிழமையே அரசு பின்வாங்கியது. புதன் நள்ளிரவில் நேரம் மாறும் என்று அறிவித்தது.

டைம் ஜோன் டேட்டாபேஸைப் பராமரிப்பவர்களுக்கும் அந்த வாரம் தூக்கமில்லை. லெபனானின் அறிவிப்புக்காக மார்ச் 23-ல் ஒரு புதிய பதிப்பு வெளியானது. அரசு மனம் மாறியதும் மார்ச் 28-ல் இன்னொன்று. அந்த இரண்டாவது பதிப்பில் இருந்தது, முதல் அறிவிப்புக்கு முன்பிருந்த அதே பழைய விவரங்கள்தான்.

இப்போது பெய்ரூட்டில் ஒருவர், ஏப்ரல் 10 காலை 10 மணிக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியது மார்ச் முதல் வாரத்தில். ஆப் அதை யுடிசி-க்கு மாற்றி 'காலை 7 மணி யுடிசி' என்று மட்டும் சேமித்தது. அரசு நேர மாற்றத்தைத் தள்ளி வைத்ததும், அதே எண்ணை ஆப் 'காலை 9 மணி' என்று காட்டும். டாக்டரோ தன் சுவர்க் கடிகாரப்படி 10 மணிக்குத்தான் வருவார். நோயாளி ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருக்க வேண்டும்.

காரணம் இதுதான். டாக்டரும் நோயாளியும் பேசிக்கொண்டது 'பெய்ரூட்டில் காலை 10 மணி' என்று. யுடிசி-யில் 7 மணி என்று இருவரும் ஒருபோதும் பேசவில்லை. ஆப் பேசியதைச் சேமிக்காமல், தான் போட்ட கணக்கின் விடையைச் சேமித்தது. கணக்கின் விதி மாறியதும் விடை தவறாகிவிட்டது.

நேரத்தை முடிவு செய்வது சூரியன் மட்டும் இல்லை, அரசும்தான். சமோவா தீவு 2011-ல் சர்வதேச தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. அங்கே 2011 டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை. வியாழன் இரவு படுத்தவர்கள் எழுந்தது சனிக்கிழமையில்.

அப்போ எதை எப்படிச் சேமிக்க வேண்டும்?

'எல்லாத்தையும் யுடிசி-யில் போடு' என்ற ஒற்றை விதி போதாது. நாம் தேதி என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை இருக்கிறது.

1. நடந்து முடிந்த நொடி: பணம் அனுப்பியது, லாகின் செய்தது, விண்ணப்பம் போட்டது போன்றவை. இவற்றை யுடிசி-யில் சேமிக்கலாம். அல்லது '+05:30' என்று வித்தியாசத்தையும் சேர்த்தே எழுதலாம். எந்த நாட்டில் திறந்தாலும் அதே நொடியைக் குறிக்கும்.

2. காலண்டர் தேதி: பிறந்த தேதி, திருமண நாள், அரசு விடுமுறை, சான்றிதழ் காலாவதியாகும் நாள். இவற்றுக்கு நேரமும் வேண்டாம், டைம் ஜோனும் வேண்டாம். '2004-06-15' என்று வெறும் எழுத்தாக அனுப்பி, வெறும் எழுத்தாகவே வாங்க வேண்டும். வழியில் யாரும் அதைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது.

3. இனி வரும் நேரம்: அப்பாயின்ட்மென்ட், மீட்டிங், தேர்வு நேரம். 'ஏப்ரல் 10, காலை 10 மணி' என்பதோடு 'பெய்ரூட்' என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். '+3 மணி நேரம்' என்ற எண் மட்டும் போதாது, எண் மாறலாம். ஊரின் பெயர் இருந்தால் புதிய விதி வந்ததும் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டை ப்ரோக்ராமிங் மொழிகளும் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டன. ஜாவா மொழியில் வெறும் தேதிக்கென்று தனி வகை 2014-ல் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'டெம்போரல்' என்ற பெயரில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி, ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் 2025-ல்தான் வந்தது. நேரத்தோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுவதற்கான இணையத் தர விதி 2024-ல் வெளியானது. அதற்கு முன்பு எழுதப்பட்ட ஆப்களும் சர்வர்களும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

04/05 என்றால் ஏப்ரலா, மே மாதமா?

டைம் ஜோனே இல்லாமலும் தேதி மாறலாம். 04/05/2025 என்பது நமக்கு மே 4. அமெரிக்கர்களுக்கு ஏப்ரல் 5. இரண்டுமே நிஜமான தேதிகள் என்பதால் கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. 25/05/2025 என்று இருந்தால்தான் '25-வது மாதம் கிடையாதே' என்று மாட்டும். ஆக, ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாட்களில்தான் ஆபத்து.

இதற்காகவே 1988-ல் 'ஐஎஸ்ஓ 8601' என்ற சர்வதேசத் தரம் வந்தது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-05-04 என்று எழுதினால் எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே பொருள்தான்.

2038-ல் என்ன ஆகும்?

தேதியை எழுத்தாக இல்லாமல் எண்ணாக அனுப்பும் முறையும் உண்டு. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடிகள் ஓடியிருக்கின்றன என்று எண்ணுவது அது. பழைய முறையில் இந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் அந்த எல்லை வந்துவிடும். அடுத்த நொடியில், பழைய முறையில் இருக்கும் கருவி 1901-ம் ஆண்டுக்குப் போய்விடும்.

இன்றைய போன்களும் கம்ப்யூட்டர்களும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டதால் அவற்றுக்குப் பயமில்லை. ஒருமுறை பொருத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடும் கருவிகளும், பழைய வடிவத்தில் சேமித்து வைத்த ஃபைல்களும்தான் கவலை. 2038 தூரமாகத் தோன்றலாம். ஆனால் இன்று 20 ஆண்டு வீட்டுக் கடன் வாங்குபவரின் கடைசித் தவணை அதைத் தாண்டித்தான் வரும்.

'ஒரே நாடு, ஒரே நேரம்' இதைச் சரி செய்யுமா?

இந்திய நேரத்தைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது. சட்டம், நிர்வாகம், வணிகம் என எல்லாவற்றிலும் இந்திய நேரத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள் தரும் நேரத்தை அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், பரிதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து மையங்கள் வழியாக நாடு முழுக்கப் பரப்புவது திட்டம்.

இதனால் பேங்க், டெலிகாம், மின் கட்டமைப்பு என எல்லாருடைய கடிகாரமும் ஒரே நொடியைக் காட்டும். ஆனால் நம் மாணவியின் ஜூன் 15 இதனால் திரும்பி வந்துவிடாது. அவர் விஷயத்தில் எந்தக் கடிகாரமும் தப்பாக ஓடவில்லை. சரியான நேரத்தைத் தப்பான வகையில் கட்டி அனுப்பியதுதான் பிரச்னை. அதை ஆப் எழுதுபவர்கள்தான் சரி செய்ய முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

• விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும், கடைசியாக டவுன்லோடு ஆகும் பிடிஎஃப்-ல் பிறந்த தேதியைத் தவறாமல் பாருங்கள். ஃபார்மில் சரியாக இருந்தால் மட்டும் போதாது.

• சமர்ப்பிக்கும் முன்பு தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தவறு உங்களுடையது இல்லை என்று காட்ட அது உதவும்.

• தேதி சரியாக ஒரே ஒரு நாள் முன்பின் இருந்தால், புகார் கொடுக்கும்போது நீங்கள் எந்த நாட்டில் இருந்து நிரப்பினீர்கள், எந்த ஆண்டில் பிறந்தவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சரி செய்பவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

• வெளிநாட்டு விண்ணப்பங்களில் நாள் முதலில் வருமா, மாதம் முதலில் வருமா என்று பாருங்கள். முடிந்த இடங்களில் மாதத்தை எழுத்தாலேயே எழுதுங்கள்.

• வெளிநாட்டில் இருப்பவர்களோடு மீட்டிங் வைத்தால், மணியோடு ஊர்ப் பெயரையும் சொல்லுங்கள். 'காலை 10 மணி, சென்னை நேரம்' என்று சொல்லிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர்களுக்காகவோ, இலங்கையில் பிறந்தவர்களுக்காகவோ ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவராக இருந்தால், அந்த முதல் குறிப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிடிஎஃப்-ஐத் திறந்து தேதியைப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும். அதைத் திருத்த அலையும் அலைச்சல் அரை நிமிடத்தில் முடியாது.